செண்டுமல்லியா, காலெண்டுலாவா? பெயர்க் குழப்பமும் ஒரு பாட்டில் எண்ணெயும்

கேள்வி: தோட்டத்தில் பூத்த ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி இதழ்களைப் பறித்து, நன்றாகக் கழுவி, அன்றே தேங்காய் எண்ணெயில் போட்டு 15 நாள் வெயிலில் வைத்தேன். இப்போது மூடியைத் திறந்தால் லேசாகப் புளிப்பு வாடை வருகிறது. குமிழியும் தெரிகிறது, அடியில் வெள்ளையாக ஒரு படலமும் இருக்கிறது. காய்ச்சி வடிகட்டினால் சரியாகிவிடுமா? இதை என் எட்டு மாதக் குழந்தையின் டயப்பர் தடிப்புக்கும், என் கன்னத்து மங்குக்கும், அம்மாவின் பித்தவெடிப்புக்கும் தடவலாம் என்று நினைத்திருந்தேன். கடையில் வாங்கிய மேரிகோல்டு எசென்ஷியல் ஆயிலில் பத்துச் சொட்டு சேர்த்தால் வீரியம் கூடுமா? – ஒரு வாசகி

பதில்: அந்த எண்ணெயைத் தூக்கி எறிந்துவிடுங்கள். காய்ச்சினாலும் சரியாகாது. புளிப்பு வாடையும் குமிழியும் வந்துவிட்டால் உள்ளே நொதித்தல் தொடங்கிவிட்டது என்று பொருள். சூடாக்கினால் கிருமிகளில் பல சாகும். ஆனால் அவை விட்டுச் சென்ற கழிவும், கெட்டுப்போன எண்ணெயும் அப்படியே இருக்கும். அதைக் குழந்தையின் சிவந்த தோலில் தடவுவது நல்லதல்ல. எசென்ஷியல் ஆயில் பாட்டிலையும் இப்போதைக்குத் தொடாமல் வையுங்கள். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தருவது அந்தப் பத்துச் சொட்டுதான்.

எண்ணெய் கெட்டதற்கு நீங்கள் இதழைக் கழுவியது மட்டும் காரணமில்லை. கழுவாமல் போட்டிருந்தாலும் இதே கதைதான். பச்சை இதழின் எடையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தண்ணீர். எண்ணெயில் ஊறும்போது அந்தத் தண்ணீர் கசிந்து பாட்டிலின் அடியில் தேங்குகிறது. நீங்கள் பார்த்த படலம் அங்கேதான் உருவானது. எண்ணெயில் கிருமி வளராது என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் தண்ணீரில் நன்றாகவே வளரும். மேலே காற்றுப் புகாத எண்ணெய், கீழே சர்க்கரையும் புரதமும் கலந்த பூச்சாறு, வெளியே வெயிலின் இளஞ்சூடு என்று அதற்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைத்தது. வெயில் இன்னொரு கெடுதலும் செய்கிறது. ஒளி பட்டால் எண்ணெய் சீக்கிரம் காறிப் போகும், பூவின் ஆரஞ்சு நிறமும் வெளுக்கும். வெயிலில் வைத்தால்தான் சத்து இறங்கும் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் சத்தை இறக்குவது சூடு. அந்தச் சூட்டை ஒளி படாமலே கொடுக்க முடியும்.

அடுத்தது பூ. தமிழில் இந்த விஷயத்தில் மூன்று செடிகள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. சாமந்தி, செவ்வந்தி என்று நாம் சொல்வது கிரைசாந்திமம். செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்பது டாஜெட்டஸ். தோல் பராமரிப்பு நூல்களில் வரும் மேரிகோல்டு எண்ணெய் இந்த இரண்டிலிருந்தும் எடுப்பதல்ல. அது காலெண்டுலா அஃபிஸினாலிஸ் என்ற மத்திய தரைக்கடல் பகுதிச் செடியின் பூவிலிருந்து எடுப்பது. டாஜெட்டஸோ மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. ஆங்கிலத்தில் இரண்டையும் மேரிகோல்டு என்றே அழைப்பதால், மொழிபெயர்க்கும்போது "சாமந்தி எண்ணெய்" என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் தோட்டத்தில் இருக்கும் பூவைப் பறித்துவிடுகிறார். மூன்றும் ஒரே சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் உள்ளிருக்கும் சரக்கு வேறு வேறு.

பூவை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். இலையைப் பாருங்கள். செண்டுமல்லி இலை இறகுபோலப் பல சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரம் பல் வைத்திருக்கும். கசக்கினால் நெடி தூக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். காலெண்டுலா இலை பிரியாத ஒற்றை இலை, நீளமாக, மெத்தென்று இருக்கும். பூவின் அடிப்பாகத்தைப் பிடித்தால் விரலில் பிசின் ஒட்டும். செண்டுமல்லியில் அந்தப் பச்சை அடிப்பாகம் ஒரே குழாயாக இணைந்திருக்கும். காலெண்டுலாவில் தனித்தனிப் பச்சைச் செதில்களாக நிற்கும். விதை கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். செண்டுமல்லி விதை நேராக, கறுப்பு ஊசிபோல, நுனியில் வெளிறிய குச்சங்களோடு இருக்கும். காலெண்டுலா விதை பழுப்பாக, நகம் வெட்டிப் போட்டதுபோல வளைந்திருக்கும்.

உங்கள் எசென்ஷியல் ஆயிலுக்கு வருகிறேன். காலெண்டுலாவிலிருந்து ஆவியில் வடிக்கும் எண்ணெய் மிகமிகக் குறைவு. ஆகவே மேரிகோல்டு எசென்ஷியல் ஆயில் என்று சிறு பாட்டிலில் வருவது அநேகமாக டாஜெட்டஸ் எண்ணெய். பாட்டிலின் பின்பக்கம் தாவரப் பெயரைப் படியுங்கள். டாஜெட்டஸ் மைனூட்டா, பட்டூலா, எரெக்டா என்று ஏதாவது ஒன்று இருந்தால் அதைத் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற ஒரு பொருள் இருக்கிறது. தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது தூண்டப்பட்டு, ஆக்சிஜனைத் தோலையே சுடும் வடிவத்துக்கு மாற்றிவிடும். எரிச்சல், சிவப்பு, கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் போகாத கருமை என்று வரிசையாக வரும். (செண்டுமல்லியைக் காய்கறிப் பாத்திகளுக்கு இடையில் நட்டால் நூற்புழு குறைவதற்கும் இதே பொருள்தான் காரணம். செடியின் வேரில் அது அதிகம்.) ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் கொண்டுவந்த விதிப்படி டாஜெட்டஸ் எரெக்டா பூவின் சாறும் எண்ணெயும் அழகுப் பொருள்களில் சேர்க்கவே கூடாது. மைனூட்டா, பட்டூலா இரண்டையும் கழுவாமல் தோலில் விடும் பொருள்களில் 0.01 சதவீதம் வரைதான் சேர்க்கலாம். வெயில் காப்புக் கிரீம்களில் அதுவும் கூடாது. 0.01 சதவீதம் என்றால் 100 மில்லி எண்ணெய்க்கு ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் பத்துச் சொட்டு என்கிறீர்கள். அதுவும் மங்கு இருக்கும் கன்னத்தில்!

சரி, காலெண்டுலா எண்ணெய் என்பது என்ன? அது பிழிந்த எண்ணெயும் அல்ல, வடித்த எண்ணெயும் அல்ல. உலர்ந்த பூவை வேறொரு தாவர எண்ணெயில் ஊறவைத்து எடுக்கும் ஊறல் எண்ணெய். காலெண்டுலா விதையைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய் என்று தனியாக ஒன்று உண்டு. அது பெயின்ட் போல உலர்ந்து இறுகும் வகை, நம் வேலைக்கு ஆகாது. ஆக, ஊறல் எண்ணெயில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய்தான். தோல் மிருதுவாவதில் பாதிக்கு மேல் அதன் வேலை. பூ கொடுப்பது சிறு பங்கு, ஆனால் அந்தப் பங்கில் விஷயம் இருக்கிறது. ஃபாரடயால் எஸ்டர்கள் என்னும் கொழுப்பில் கரையும் பொருள்கள்தான் காலெண்டுலாவின் அழற்சி தணிக்கும் குணத்துக்கு முக்கியக் காரணம். கூடவே கரோட்டினாய்டு நிறமிகளும் இறங்கும். ஃபிளேவனாய்டுகள் பெரும்பாலும் தண்ணீரில் கரைபவை என்பதால் எண்ணெய்க்குள் அவ்வளவாக வராது. இன்னொன்று, நிறத்தை வைத்து வீரியத்தை அளக்காதீர்கள். ஆரஞ்சு நிறம் கரோட்டினாய்டு, அழற்சி தணிப்பது ஃபாரடயால். அடர் ஆரஞ்சு எண்ணெய் என்றால் நிறமி நன்றாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்லலாம்.

பயன் எவ்வளவு நிச்சயம் என்றால், மிகையும் வேண்டாம், ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். 2004-ல் பிரான்ஸில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 254 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. காலெண்டுலா களிம்பு பூசியவர்களில் 41 சதவீதம் பேருக்கும், ட்ரோலமைன் என்ற மருந்து பூசியவர்களில் 63 சதவீதம் பேருக்கும் நடுத்தர அளவு அல்லது அதற்கும் கூடுதலான தோல் அழற்சி வந்தது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அது மருந்துத் தரத்தில் தயாரித்த களிம்பு. வீட்டு ஊறல் எண்ணெய்க்கு அதே எண்களைப் பொருத்திப் பேச முடியாது. ஐரோப்பிய மருந்து முகமையும் சிறு தோல் அழற்சி, சிறு காயம் ஆகியவற்றுக்குக் காலெண்டுலாவை நெடுநாள் வழக்கத்தின் அடிப்படையில்தான் ஏற்றிருக்கிறது. வறண்ட, லேசாகச் சிவந்த, உடையாத தோலுக்கு நல்ல துணை என்று சொல்லலாம். சுருக்கம் போகும், தழும்பு மறையும், வெயிலைத் தடுக்கும் என்று விற்பனைச் சீட்டுகளில் வருவதை நம்ப வேண்டியதில்லை.

இனி செய்முறை. காலெண்டுலாப் பூ கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

பனி உலர்ந்த பிறகு, முழுதாக விரிந்த பூவாகப் பறியுங்கள். கழுவ வேண்டாம், பூச்சி இருந்தால் உதறினால் போதும். பூச்சிமருந்து அடித்த செடியாக இருக்கக் கூடாது. பிசின் நிறைந்த பச்சை அடிப்பாகத்தையும் சேர்த்தால் வீரியம் கூடும் என்பது உண்மை. ஆனால் முதல்முறை செய்பவர் இதழை மட்டும் எடுப்பதே நல்லது. முழுப்பூ மேலே சருகாக நொறுங்கும்போதும் நடுக்கட்டை ஈரமாகவே இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பூஞ்சணம் பிடித்த பாட்டில்களில் பெரும்பாலானவை அந்த நடுக்கட்டையால் கெட்டவை. முழுப்பூதான் வேண்டுமென்றால் கட்டையை நகத்தால் ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் காயவில்லை.

நிழலில், காற்றோட்டமாக, துணிமேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நாலு நாளில் இருந்து ஒரு வாரம் வரை ஆகும். காற்றில் ஈரம் அதிகமான நாள்களில் 35–40 டிகிரியில் உலர்த்தி இயந்திரத்தில் வைக்கலாம். 250 கிராம் பச்சை இதழ் காய்ந்தால் சுமார் 25 கிராம் தேறும். காய்ந்ததா என்று கையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் சரி. பிறகு ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு நாள் இறுக மூடி வையுங்கள். உட்சுவரில் ஆவி படிந்தாலோ, மொறுமொறுப்பாக இருந்த இதழ் துவண்டாலோ மறுபடி உலர்த்துங்கள்.

அளவு எடைக்கு எடை: இதழ் 25 கிராம், எண்ணெய் 250 கிராம். காய்ந்த இதழ் உப்பலாக இருப்பதால் எண்ணெய்க்கு மேலே தலை நீட்டும், அப்படி நீட்டும் இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும். கையால் கசக்கி நொறுக்கிப் போட்டால் அடங்கிவிடும். பொடியாக அரைத்துவிடாதீர்கள், வடிகட்டும்போது மண்டியாகும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் இதழும் எண்ணெயும் போட்ட கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி, எண்ணெய் 50–55 டிகிரியில் நிற்கும்படி மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். வெப்பமானி கட்டாயம். 70 டிகிரியைத் தாண்டினால் இதழ் பழுப்பாகும், எண்ணெயில் வறுத்த வாடை வரும். இங்கே பலர் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. வெளிப்பாத்திரத்தை மூடி போட்டு மூடினால் மூடியில் படியும் நீராவி சொட்டுச் சொட்டாக எண்ணெய்க்குள் விழும். நாலு நாள் உலர்த்திய பாடெல்லாம் அதில் போய்விடும். எண்ணெய்ப் பாத்திரத்தின் வாயை மட்டும் இரண்டு மடிப்புத் துணியால் மூடிக் கட்டுங்கள், வெளித் தண்ணீர் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பு வேண்டாம் என்பவர்கள், மூடிய ஜாடியை இருட்டான அலமாரியில் நாலு முதல் ஆறு வாரம் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கலாம். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், பொறுமைதான் வேண்டும்.

மெல்லிய பருத்தித் துணியில் வடியுங்கள். சக்கையைக் கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழியாதீர்கள். கடைசியாக வருவது கலங்கல், மிச்சமீதி ஈரம் இருந்தால் அதில்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடியில் ஒரு விரற்கடை விட்டு மேலாக ஊற்றுங்கள். 200 கிராம் சுற்றிக் கிடைக்கும். அதற்கு 1 கிராம் வைட்டமின் ஈ எண்ணெய் சேர்த்தால் காறல் பிடிப்பது தள்ளிப்போகும். வைட்டமின் ஈ கிருமியைக் கொல்லாது, அது எண்ணெய் காறாமல் இருக்க மட்டும். இந்த எண்ணெயில் ரோஸ் வாட்டரோ கற்றாழைச் சாறோ கலந்து லோஷன் ஆக்க நினைத்தால் உரிய கிருமித்தடுப்பான் இல்லாமல் செய்யாதீர்கள். தண்ணீர் சேர்ந்துவிட்டால் பழைய கதை திரும்பும். கரும்பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, தேதி எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்கு முன்பே மெழுகுக் கலர் பென்சில் வாடையோ பழைய பெயின்ட் வாடையோ வந்தால் காறிவிட்டது.

எந்த எண்ணெயில் ஊறவைப்பது? நான் சூரியகாந்தி எண்ணெயைச் சொல்வேன், சுத்திகரித்து வாடை நீக்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் இருக்கும் லினோலெயிக் அமிலம் தோலின் தடுப்புச் சுவருக்கு இணக்கமானது. ஆலிவ் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் அதிகம். 2013-ல் பெரியவர்களிடம் செய்த ஒரு சிறு ஆய்வில் ஆலிவ் எண்ணெய் அந்தச் சுவரைப் பலவீனமாக்கியது, சூரியகாந்தி எண்ணெய் கெடுக்கவில்லை. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி இருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆலிவைத் தவிர்ப்பது அதனால்தான். தேங்காய் எண்ணெய் எளிதில் காறாது, உடம்புக்கும் கால்களுக்கும் தாராளமாகப் போகலாம். முகப்பரு வரும் முகத்துக்கு வேண்டாம். தேமல், பொடுகு உள்ள இடத்தில் எந்தத் தாவர எண்ணெயுமே வேண்டாம். அதற்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்கள்தான் தீனி.

தடவுவதற்கு முன் ஒரு சோதனை. முழங்கை உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு சொட்டு, ஏழு நாள். ஒருநாள் தடவி "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்ட முடியாது. இந்த வகை ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முகம் காட்டும். அரிப்பு, தடிப்பு, சிறு நீர்க்கொப்புளம் வந்தால் நிறுத்துங்கள். சாமந்தி தொட்டால் கை அரிப்பவர்களும், பார்த்தீனியத்தால் தோல் ஒவ்வாமை வந்தவர்களும் சோதனைகூடச் செய்ய வேண்டாம். இவையெல்லாம் ஒரே குடும்பம்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்று பேர்.

குழந்தைக்கு, தடிப்பு இருக்கும்போது வீட்டில் செய்த எண்ணெய் வேண்டாம். அப்போது தேவை அடிக்கடி டயப்பர் மாற்றுவது, வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி உலர்த்துவது, கொஞ்ச நேரம் காற்றாட விடுவது, பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பு. தொடை மடிப்புக்குள் சிவப்பு பரவி, சுற்றிலும் தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. எண்ணெய் அதைத் தீர்க்காது, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தடிப்பு ஆறிய பின், வறண்ட கைகால்களுக்குக் காலெண்டுலா எண்ணெய் வேண்டுமானால், மேலே சொன்ன சோதனைக்குப் பிறகு, குளித்து ஈரம் முழுக்கக் காயும் முன் சில சொட்டு போதும்.

மங்குக்கு இந்த எண்ணெயால் பலன் எதிர்பார்க்காதீர்கள். நிறம் குறைக்கும் மருந்து அல்ல இது. அழுத்தித் தேய்த்து மசாஜ் செய்தால் அந்த உரசலே கருமையைக் கூட்டும். வெயில் காப்புக் கிரீமை ஒழுங்காகப் போடுவதுதான் முதல் சிகிச்சை, அதற்கு மேல் என்ன என்று தோல் மருத்துவர் சொல்வார். ஏற்கெனவே டாஜெட்டஸ் எண்ணெயைத் தடவியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் பாருங்கள்.

அம்மாவின் குதிகாலுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். வெறும் எண்ணெயாக அல்ல, களிம்பாக. 100 கிராம் ஊறல் எண்ணெய்க்குத் தேன்மெழுகு 20 கிராம். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே முதலில் மெழுகை, அது மூழ்கும் அளவு எண்ணெயோடு சேர்த்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் உருக்கி, மீதி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிச் சேர்த்துக் கலக்குங்கள். குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால் மெழுகு கட்டி கட்டியாகத் திரியும். ஒரு குளிர்ந்த கரண்டியில் சில சொட்டு விட்டு இறுக்கம் பாருங்கள். கல்லாக இருந்தால் எண்ணெய், வழிந்தால் மெழுகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, ஒற்றி உலர்த்தி, முதலில் யூரியா கிரீம், அதன்மேல் இந்தக் களிம்பு, அதற்கு மேல் பருத்திக் காலுறை. தடித்த தோலை இளக்குவது யூரியா, களிம்பு அந்த ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தாலோ, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, நீரில் ஊறவைப்பது உட்பட எதையும் வீட்டில் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.